விதியை மாற்றும் விதி



மாலை வேளையில் எங்கள் தெருவில் சிறுவர்கள் மட்டைப்பந்து ஆடுவதை நான் நாள்தோறும் காண்பதுண்டு. தெரு குறுகியது. பந்து அடிக்கடி அயல்வீட்டு மதிலைத் தாண்டிவிடும். அவ்வாறு தாண்டினால் ஆறு ஓட்டம் என்று கொள்வதா, அடித்தவன் ஆட்டம் இழந்தான் என்று கொள்வதா? இதனை எந்த விதிநூலும் அவர்களுக்குக் கூறவில்லை. ஆகவே அவர்களே விதி செய்துகொள்கின்றனர். விதி செய்வதில் கருத்து வேற்றுமை எழும்போது என்ன நிகழ்கிறது என்பதை நான் திண்ணையிலிருந்து கவனித்திருக்கிறேன். முதலில் கூச்சல், பின்னர்க் கை தூக்குதல், இரு பக்கமும் கைகள் ஒத்து நின்றால், மட்டை எவனுடையதோ அவன் சொல்லே முடிவு. மட்டைக்கு உரியவன் தோற்கும் நிலையில் இருந்தாலோ, கை தூக்குவதுகூட இல்லை; நேரே அவன் சொல்தான்.

இங்கே இரண்டு வகை விதிகள் இருப்பதைக் காண்கிறீர்கள். பந்து மதிலைத் தாண்டினால் என்ன என்பது ஒரு விதி. அதனை யார், எவ்வாறு முடிவு செய்வது என்பது மற்றொரு விதி. முன்னதைப் பற்றியே சிறுவர்கள் சண்டையிடுகின்றனர். பின்னதைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. ஆயினும் பின்னதைத் தன் கையில் வைத்திருப்பவன்தான் பெரும்பாலான மாலைகளில் வெல்கிறான். இந்த இரண்டாம் வகை விதியைப் பற்றியே இன்று உங்களோடு சில சொற்கள் பேச விரும்புகிறேன்.

அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில் ஏர்லம் கல்லூரி என்றொரு கல்லூரி உண்டு. அங்கே தத்துவப் பேராசிரியராக இருந்த பீட்டர் சூபர் என்பவர் ஒரு விளையாட்டை வகுத்தார். அதன் பெயர் 'நோமிக்'. கிரேக்க மொழியில் 'நோமோஸ்' என்றால் சட்டம் என்று பொருள். அச்சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. டக்ளஸ் ஹாஃப்ஸ்டாட்டர் என்னும் அறிஞர் 'சயன்டிபிக் அமெரிக்கன்' இதழில் தாம் எழுதிவந்த பகுதியில், 1982-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அதனை உலகிற்கு அறிமுகம் செய்தார். காய்களை நகர்த்துவதும் பந்தை அடிப்பதும் இவ்விளையாட்டில் இல்லை. விதியை மாற்றுவதே இதில் ஆட்டம்.

ஆட்டம் தொடங்கும்போது இருபத்தொன்பது விதிகள் இருக்கும். அவற்றுள் 101 முதல் 116 வரை எண்ணிட்ட பதினாறும் 'மாறா விதிகள்'. 201 முதல் 213 வரை எண்ணிட்ட பதின்மூன்றும் 'மாறும் விதிகள்'. ஒவ்வொருவரும் தம் முறை வரும்போது ஒரு விதிமாற்றத்தை முன்மொழிய வேண்டும். அதன்மீது எல்லோரும் வாக்களிக்க வேண்டும். பின்னர் முன்மொழிந்தவர் பகடையை ஒருமுறை உருட்டி, விழுந்த எண்ணைத் தம் புள்ளிகளோடு கூட்டிக்கொள்ள வேண்டும். முதலில் நூறு புள்ளி பெறுபவர் வெற்றி பெறுவார். மாறா விதிகளைக்கூட முற்றிலும் தொடக்கூடாது என்பதில்லை. எல்லோரும் ஒருமனதாக இசைந்தால், ஒரு மாறா விதியை மாறும் விதியாக்கலாம். அதன்பின் அதனைத் திருத்தலாம். விதிகளை எவ்வாறு மாற்றுவது என்று கூறும் விதிகளையும் அவ்வாறே மாற்றலாம். அதற்குத் தடையில்லை என்பதை 115-ஆம் விதி வெளிப்படையாகவே கூறுகிறது.

இவ்விருபத்தொன்பதில் என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது 203-ஆம் விதி. ஒரு விதிமாற்றம் நிறைவேற வேண்டுமானால் எல்லோருடைய வாக்கும் அதற்குக் கிடைக்க வேண்டும் என்று அது தொடங்குகிறது. அத்தோடு நில்லாமல், இரண்டு சுற்றுகள் முழுமையாக முடிந்த பின்னும் இவ்விதியை எவரும் திருத்தவில்லையாயின், அது தானாகவே மாறிப் பெரும்பான்மை வாக்கே போதும் என்றாகிவிடும் என்றும் கூறுகிறது. ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒவ்வொருவர் கையிலும் எதனையும் தடுக்கும் ஆற்றல் இருக்கிறது. சிறிது நேரத்தில் அது நழுவிவிடுகிறது. இந்த மாற்றம் மனிதர்களை என்ன செய்கிறது? அதனைக் காண விரும்பி, சென்ற கோடை விடுமுறையில் என் வீட்டுத் திண்ணையிலேயே இவ்விளையாட்டை நடத்திப் பார்த்தேன்.

ஆடியவர் ஐவர். கல்லூரியில் முதலாண்டு பயிலும் என் பேரன், பத்தாம் வகுப்புப் பயிலும் என் பேத்தி, அயல்வீட்டுப் பிள்ளைகள் மூவர். விதிகளைத் தமிழில் எழுதி ஆளுக்கொரு படி கொடுத்தேன்.

முதற் சுற்றிலேயே அயல்வீட்டுப் பையன் ஒருவன் எழுந்து, "இரண்டு சுற்று முடிந்தால் எப்படியும் பெரும்பான்மை முறை வரப்போகிறது. அது இப்போதே வரட்டும்" என்று முன்மொழிந்தான். நியாயமான பேச்சாகவே தோன்றியது. நால்வர் இசைந்தனர். என் பேத்தி மட்டும் மறுத்தாள். ஒருமனதான வாக்கு இல்லாமையால் முன்மொழிவு வீழ்ந்தது. வீழ்ந்த முன்மொழிவுக்கு உரியவர் பத்துப் புள்ளிகளை இழக்க வேண்டும் என்பது 206-ஆம் விதி. பையன் வருத்தத்தோடு அமர்ந்தான். "ஏனம்மா மறுத்தாய்?" என்று கேட்டேன். "தாத்தா, இன்னும் இரண்டு சுற்றுக்காவது என் மறுப்புக்கு மதிப்பு இருக்கட்டுமே. அதை நானே ஏன் முன்கூட்டிக் கொடுத்துவிட வேண்டும்?" என்றாள்.

அதன்பின் இரண்டாம் சுற்று முடியும்வரை எல்லோரும் யாருக்கும் தீங்கில்லாத விதிகளையே முன்மொழிந்தனர். முன்மொழிபவர் எழுந்து நின்று பேச வேண்டும், பகடை திண்ணையிலிருந்து கீழே விழுந்தால் மீண்டும் உருட்ட வேண்டும், இத்தகையவை. ஒருவர் மறுத்தாலும் பத்துப் புள்ளி போய்விடும் என்ற அச்சம் எல்லோரையும் பணிவுள்ளவர்களாக்கியது. பணிவு இருந்ததே ஒழிய ஆட்டம் ஓர் அடியும் நகரவில்லை.

மூன்றாம் சுற்றில் பெரும்பான்மை முறை வந்தது. திண்ணையில் காற்றே மாறிவிட்டது எனலாம். முதல் முறை என் பேரனுடையது. அப்போது அவனுக்கு ஒன்பது புள்ளிகள். அவனே முதலிடத்தில் இருந்தான். ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு என்பது 207-ஆம் விதி. அதனைத் திருத்தி, "முதலிடத்தில் உள்ளவருக்கு இரண்டு வாக்கு" என்று ஆக்க வேண்டுமென அவன் முன்மொழிந்தான். தாமும் நாளை முதலிடத்திற்கு வரக்கூடும் என்று எண்ணிய இருவர் அவனுக்குத் துணை நின்றனர். என் பேத்தியும், முன்பு பத்துப் புள்ளி இழந்த பையனும் எதிர்த்தனர். மூன்றுக்கு இரண்டாக முன்மொழிவு நிறைவேறியது.

ஆனால் என் பேரன் ஒரு விதியை மறந்துபோனான். ஒருமனதான வாக்கு தேவையில்லை என்ற நிலை வந்தபின், வெற்றி பெற்ற முன்மொழிவை எதிர்த்து வாக்களித்தவர் ஒவ்வொருவரும் பத்துப் புள்ளி பெறுவர் என்பது 204-ஆம் விதி. தோற்ற சிறுபான்மைக்கு அளிக்கப்படும் ஆறுதல் அது. நான்கு புள்ளியோடு இருந்த என் பேத்திக்குப் பத்துச் சேர்ந்து பதினான்கு ஆயிற்று. பேரன் பகடையை உருட்டினான், மூன்று விழுந்தது, அவனுக்குப் பன்னிரண்டுதான். தனக்கென்று அவன் செய்த இரட்டை வாக்கு, கண்ணிமைக்கும் நேரத்தில் தங்கையின் கைக்குப் போய்விட்டது!

அடுத்த முறை அவளுடையது. "ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு என்ற பழைய விதியே மீண்டும் வர வேண்டும்" என்று அவள் முன்மொழிந்தாள். அவளுடைய இரண்டு வாக்கு, முன்பு அவளோடு எதிர்த்தவனுடைய வாக்கு ஒன்று, இப்போது மனம் மாறிய அண்ணனுடைய வாக்கு ஒன்று; ஆறில் நான்கு வாக்குகள் பெற்று அது நிறைவேறியது. எதிர்த்த இருவரும் பத்துப் பத்துப் புள்ளி பெற்று அவளை முந்திச் சென்றனர். அன்றைய ஆட்டத்தில் அவள் வெற்றி பெறவில்லை. "கையில் கிடைத்த இரண்டு வாக்கை ஏன் விட்டாய்?" என்று கேட்டேன். "அடுத்த பகடைவரைதானே தாத்தா அது என் கையில் இருக்கும்?" என்றாள்.

மாணவ மாணவியரே, இந்தச் சிறு விடையில் ஓர் அரசியல் பாடம் அடங்கியிருக்கிறது. வாக்களிக்கும் முறையை மாற்ற விரும்புபவன், இன்று முதலிடத்தில் யார் இருக்கிறார் என்பதை அறிந்தே மாற்றுகிறான். நாளை அவ்விடத்தில் யார் இருப்பார் என்பதை அவன் அறியான். மற்ற விதிகள் பகடையின் ஒரு வீச்சைப் போன்றவை. அவற்றால் வரும் ஆதாயமும் இழப்பும் ஒருமுறையோடு போகும். வாக்கு விதியோ பகடையையே செதுக்குவது போன்றது. செதுக்கியவன் கையிலேயே பகடை எப்போதும் இருப்பதில்லை.

இது பிள்ளை விளையாட்டுத்தானே என்று நீங்கள் எண்ணலாம். இவ்வாட்டத்தை நாடுகளும் ஆடியிருக்கின்றன.

போலந்து நாட்டின் பாராளுமன்றத்திற்குச் 'செய்ம்' என்று பெயர். அங்கே ஓர் உறுப்பினர் எழுந்து 'நான் இசையேன்' என்று கூறினால் போதும். முன்னுள்ள தீர்மானம் மட்டுமன்றி அந்தக் கூட்டத்தொடரே பயனற்றுப் போகும் என்ற வழக்கம் பதினேழாம் நூற்றாண்டில் வேரூன்றியது. ஒவ்வொரு மனிதனின் உரிமையையும் காப்பதற்கு என்று அதனைப் போற்றினர். ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டில் கூட்டங்கள் பல எதனையும் நிறைவேற்றாமலே கலைந்தன. எல்லோரையும் வெல்ல வேண்டியதில்லை, ஒருவரை விலைக்கு வாங்கினால் போதும் என்பதை அயல்நாடுகள் கண்டுகொண்டன. 1791-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள் இயற்றப்பட்ட அரசியலமைப்பு அந்தத் தடையுரிமையை ஒழித்தது. ஒருவர் மறுத்தாலும் எதுவும் நடவாத அவையில் இது எவ்வாறு நடந்தது என்று கேட்பீர்கள். அந்தச் செய்ம், 'கூட்டிணைவு' என்னும் சிறப்பு முறையில் கூடியிருந்தது. அம்முறையில் பெரும்பான்மை வாக்கே போதும் என்பது பழைய வழக்கம். ஒருமித்த வாக்கு விதியை ஒருமித்த வாக்கால் நீக்க இயலாது என்பதை உணர்ந்து, வேறொரு வாயில் வழியே நுழைந்து நீக்கினர். ஆனால் காலம் கடந்துவிட்டது. 1795-இல் மூன்று அரசுகள் எஞ்சிய போலந்தையும் பங்கிட்டுக்கொண்டன. மறுப்புக்கு அளவு மீறி மதிப்பளித்தால் வீடே இல்லாமற் போகலாம் என்பதற்கு இது சான்று.

பிரிட்டனின் வரலாறு வேறொரு வகை. அங்கே மக்கள் சபை நிறைவேற்றும் மசோதாவைப் பிரபுக்கள் சபை முற்றிலும் தடுத்துவிட முடியும் என்ற நிலை இருந்தது. 1911-ஆம் ஆண்டின் பாராளுமன்றச் சட்டம் அந்தத் தடையை ஏறத்தாழ இரண்டாண்டுக் காலத் தாமதமாகக் குறைத்தது. அச்சட்டத்திற்குப் பிரபுக்கள் சபையே இறுதியில் இசைந்தது. பின்னர் 1949-இல் அத்தாமதத்தை ஓராண்டாகக் குறைத்தனர். இதற்குப் பிரபுக்கள் இசையவில்லை. அவர்கள் இசையாமலே சட்டம் செய்யும் வழியை 1911-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்திருந்ததல்லவா? அந்த வழியைக் கொண்டே அந்தச் சட்டத்தைத் திருத்திவிட்டனர். ஏணியின் மேல் நின்றுகொண்டே ஏணியைத் திருத்தியது போன்ற செயல் இது. நோமிக் விளையாட்டின் 115-ஆம் விதி இசைவளிக்கும் செயல் இதுவேயாகும். இது செல்லுமா என்ற வழக்கு 2005-இல் ஒன்பது நீதிபதிகள் முன் வந்தபோது, செல்லும் என்றே தீர்ப்பாயிற்று. எனினும் ஒன்றை நினைவில் வையுங்கள். மக்கள் சபை தன் ஆயுளை ஐந்தாண்டுக்கு மேல் தானாகவே நீட்டிக்கொள்ள இந்தக் குறுக்கு வழியைப் பயன்படுத்தக் கூடாது என்று 1911-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கு வைத்திருந்தது. பெரும்பான்மையின் கையில் சாவியைக் கொடுத்தவர்கள், ஓர் அறையை மட்டும் தனியே பூட்டிவைத்தனர்.

நம் நாட்டிலும் அத்தகைய பூட்டு உண்டு. நம் அரசியலமைப்பைத் திருத்தும் வழியைக் கூறுவது 368-ஆம் பிரிவு. சாதாரணச் சட்டத்திற்குப் பெரும்பான்மை போதும். அரசியலமைப்பைத் திருத்துவதற்கோ ஒவ்வொரு சபையிலும் மொத்த உறுப்பினருள் பெரும்பான்மையும், வந்து வாக்களித்தோருள் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். சில பகுதிகளைத் திருத்தப் பாதி மாநிலங்களின் இசைவும் வேண்டும். அந்தச் சில பகுதிகளுள் 368-ஆம் பிரிவும் ஒன்று. திருத்தும் விதியைத் திருத்துவது எளிதாக இருத்தல் கூடாது என்று அதனை வகுத்தோர் கருதினர். 1973-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள், கேசவானந்த பாரதி வழக்கில் பதின்மூன்று நீதிபதிகள் கொண்ட ஆயம், ஏழுக்கு ஆறு என்ற கணக்கில் ஒரு தீர்ப்பளித்தது. பாராளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தலாம். ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பை அழிக்கலாகாது என்பதே அத்தீர்ப்பு. அதனை அளித்தவர்களும் ஒரே ஒரு வாக்கு மிகுதியால்தான் அளித்தனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

என் திண்ணைக்குத் திரும்புகிறேன். இரட்டை வாக்கு பறிபோன கோபத்தில் என் பேரன், "எதிர்ப்பவளுக்கு வாக்கே இல்லை என்று விதி செய்தால் என்ன?" என்று கேட்டான். தாளைப் புரட்டிப் பார்த்தான். ஆடுவோர் அனைவரும் வாக்குரிமை உடையவர் என்பது 105-ஆம் விதி. அது மாறா விதிகளுள் ஒன்று. அதனை அசைக்க எல்லோருடைய இசைவும் வேண்டும். தன் வாக்கைத் தானே பறித்துக்கொள்ள அவளும் இசைய வேண்டும். பேரன் சிரித்துவிட்டான். கோபமும் அடங்கியது. எத்தனை வாக்கு என்பதைப் பெரும்பான்மை மாற்றலாம். வாக்கு உண்டா என்பதை மாற்றலாகாது என்று சூபர் வரிசைப்படுத்தியிருப்பதன் நுட்பத்தை அன்றுதான் நான் முழுமையாக உணர்ந்தேன்.

இவ்வளவும் கூறிய நான், என்னைப் பற்றியும் ஒன்று கூறக் கடமைப்பட்டிருக்கிறேன். தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், என் பள்ளியில் மாணவர் மன்றத் தலைவரைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் இடும் முறையால் தேர்ந்தெடுப்பது வழக்கம். ஓராண்டு, சற்றுத் துணிவாகப் பேசும் மாணவன் ஒருவன் போட்டியிட்டான். குடிநீர்த் தொட்டியைத் தூய்மை செய்வதில்லை என்று என் அறைக்கே வந்து முறையிட்டவன் அவன். அவனே வெற்றி பெறுவான் என்று ஆசிரியர்கள் கூறினர். தேர்தல் நாளன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில், "நேரம் குறைவு, இவ்வாண்டு கை தூக்கி வாக்களிக்கலாம்" என்று அறிவித்தேன். ஆசிரியர்கள் முன் வரிசையில் நின்றுகொண்டிருந்தனர். எத்தனை கைகள் பாதி வரை எழுந்து மீண்டும் தாழ்ந்தன என்பதை நான் மேடையிலிருந்து கண்டேன். நான் விரும்பிய மாணவனே தலைவனானான்.

எந்த விதியையும் நான் மீறவில்லை. தேர்தல் முறையை வகுக்கும் அதிகாரம் தலைமையாசிரியனுக்கு இருந்தது. மட்டை என்னுடையது, அவ்வளவுதான். அன்று மாலை அந்த மாணவன் என் அறைக்கு வந்தான். முறையிடுவான் என்று எதிர்பார்த்தேன். "ஐயா, கை தூக்கும் முறை என்பதை நேற்றே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் கூறி, வணங்கிச் சென்றான். அதற்கு என்னிடம் விடை இல்லை. நேற்றே கூறியிருந்தால், ஏன் இந்த மாற்றம் என்று யாரேனும் கேட்டிருப்பர். கேட்கக் கூடாது என்பதற்காகவே நான் அன்று காலை வரை காத்திருந்தேன். குடிநீர்த் தொட்டியை அடுத்த வாரமே தூய்மை செய்வித்தேன். அதனால் என் மனம் தூய்மை அடைந்துவிடவில்லை.

ஆகவே, மாணவ மாணவியரே, உங்கள் மன்றத்திலோ, விடுதியிலோ, பின்னாளில் ஊராட்சியிலோ, வாக்களிக்கும் முறையை மாற்ற வேண்டும் என்று எவரேனும் எழுந்து கூறினால், உடனே மறுத்துவிடாதீர்கள். மாற்றம் தேவைப்படும் காலங்கள் உண்டு; போலந்தின் கதையை மறவாதீர்கள். ஆனால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இம்மாற்றம் ஆட்டத்தின் நடுவில் வருகிறதா, அடுத்த ஆட்டத்திற்காக வருகிறதா? இதனைக் கூறுபவர் நாளை தோற்கும் பக்கத்தில் இருந்தாலும் இதனை விரும்புவாரா? இது தவறு என்று தெரிந்தால், இதே அவையில் இதனைத் திரும்ப மாற்றிக்கொள்ள வழி எஞ்சியிருக்கிறதா? இம்மூன்றிற்கும் தெளிவான விடை கிடைக்குமாயின் தயங்காமல் கை தூக்குங்கள். கிடைக்கவில்லையாயின், நீங்கள் ஒருவராக நின்றாலும் மறுப்பைச் சொல்லுங்கள்.

இக்கேள்விகளைக் கேட்பவர் தலைமையாசிரியரே ஆனாலும் அவருக்கு முன்னால் கேட்கலாம். அன்று என் பள்ளியில் யாரேனும் ஒருவர் எழுந்து கேட்டிருந்தால், நான் சினந்திருப்பேன். ஆனால் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லியும் இருப்பேன்.